தசை மின்குறிப்பால் இயங்கும் செயற்கைக் கை: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

"நினைத்தாலே இயங்கும் கை" என்ற தலைப்பில் வரும் காணொளிகளைத் தாங்கள் கைபேசியில் கண்டிருக்கலாம். கையிழந்த ஒருவர் செயற்கைக் கையால் முட்டையை உடையாமல் எடுப்பார், தண்ணீர்க் குவளையைத் தூக்குவார், கையெழுத்திடுவார். செயற்கை நுண்ணறிவு இதைச் சாத்தியமாக்கியது என்று செய்தி முடியும். அக்காட்சி பொய்யன்று. ஆயினும் அது முழுச் செய்தியும் அன்று.

உத்திரமேரூர் வட்டாரத்தில் கையை இழப்போர் பெரும்பாலும் உழைக்கும் வயதினர். கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கியவர்கள், கரும்புச் சாறு பிழியும் உருளையில் விரல் கொடுத்தவர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பிரஸ் இயந்திரத்தின் கீழ் கை சென்றவர்கள், உயரழுத்த மின்கம்பியால் கருகியவர்கள் ஆகியோர் மருத்துவமனைக்கு வருகின்றனர். அவ்வாறு முன்கையை இழந்த ஒருவரின் குடும்பத்தினர், தையல் பிரித்த மூன்றாம் நாளே நிலப்பத்திரத்தை அடகு வைக்க முடிவு செய்துவிட்டு என்னிடம் வந்தனர். "இந்தக் கையை வாங்கினால் இவர் மறுபடியும் நடவுக்குப் போக முடியுமா டாக்டர்?" என்பதே அவர்களின் கேள்வி. இப்பக்கம் அக்கேள்விக்கான விடையாகும்.

சுருக்கமாகக் கூறின்: இவ்வகைக் கை மூளையைப் படிப்பதில்லை, எஞ்சியுள்ள தசையைப் படிக்கிறது. ஆகவே கை எவ்வளவு நன்றாக இயங்கும் என்பதைத் தீர்மானிப்பதில் விலைக்கு உள்ள பங்கைவிடத் தங்கள் தசைக்கும் பயிற்சிக்கும் உள்ள பங்கு பெரிது. எஞ்சிய கைப்பகுதியை முதல் சில வாரங்களில் எவ்வாறு பேணுகிறீர்கள் என்பது, பின்னர் எந்தக் கை வாங்குகிறீர்கள் என்பதற்கு நிகரான முடிவாகும்.

விரல் போனாலும் விரலை அசைத்த தசை இருக்கிறது

தங்கள் வலக்கையால் இடது முன்கையைப் பற்றிக்கொண்டு, இடக்கை விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். தோலுக்கடியில் தசை திரள்வதை உணர்வீர்கள். விரல்களை மடக்கும் வலிய தசைகளும் நீட்டும் தசைகளும் விரலில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் உள்ளன. அவற்றிலிருந்து நாண்கள் கயிறுபோல் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்பில் சென்று சேர்கின்றன.

இதனால்தான் மணிக்கட்டுப் பகுதியில் கை துண்டிக்கப்பட்டாலும் விரலை அசைத்த தசைகளின் பெரும்பகுதி உயிருடன் எஞ்சுகிறது. மூளை "மடக்கு" என ஆணையிட்டால் நரம்பு அதை முன்கைக்குக் கொண்டுசெல்கிறது, தசையும் சுருங்குகிறது. இழுப்பதற்கு விரல் மட்டுமே இல்லை.

தசை சுருங்கும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. தோலின்மேல் அளந்தால் அது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குக்கு மேற்படாது. இதயத்தின் மின்னசைவை ஈ.சி.ஜி. பதிவு செய்வதுபோல், தசையின் மின்னசைவைப் பதிவு செய்வது ஈ.எம்.ஜி. எனப்படும். செயற்கைக் கையைத் தாங்கும் குழல்போன்ற உறைக்குச் சாக்கெட் என்று பெயர். அதன் உட்புறத்தில் உள்ள மின்முனைகள் தோலைத் தொட்டு அக்குறிப்பைப் பெறுகின்றன. மோட்டார் விரல்களை இயக்குகிறது. அறுவை தேவையில்லை, ஊசி தேவையில்லை.

இயந்திரக் கற்றல் இதில் செய்வது என்ன?

எளிய மின்தசைக் கைகளில் இரண்டு மின்முனைகளே இருக்கும். ஒன்று மடக்கும் தசையின்மேலும் மற்றொன்று நீட்டும் தசையின்மேலும் அமையும். முதல் தசையை இறுக்கினால் கை மூடும்; இரண்டாவதை இறுக்கினால் திறக்கும். மணிக்கட்டைச் சுழற்ற வேண்டுமாயின், இரு தசைகளையும் ஒருசேர இறுக்கி வேறு நிலைக்கு மாற்ற வேண்டும். இது நம்பகமானது, ஆனால் ஒவ்வொரு செயலுக்கும் நிலைமாற்றம் தேவைப்படுவதால் மெதுவானது.

இயந்திரக் கற்றல் முறையில் ஆறு, எட்டு என மின்முனைகள் முன்கையைச் சுற்றி வளையமாக அமைகின்றன. தாங்கள் இல்லாத கையைக் குவிப்பதாக எண்ணித் தசையை இறுக்கும்போது அனைத்து மின்முனைகளிலும் ஒரு கோலம் தோன்றும். கிள்ளுவதாக எண்ணினால் வேறொரு கோலம் தோன்றும். சாவி பிடிப்பதற்கு மற்றொன்று. வாசலில் கேட்கும் செருப்பொலியைக் கொண்டே வருபவர் யாரென வீட்டார் அறிவதுபோல், கணினி நிரல் அக்கோலத்தைக் கொண்டு தாங்கள் கருதும் செயலை அறிகிறது. ஏறத்தாழக் கால் நொடி அளவிலான குறிப்பைத் துண்டுதுண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டும் எந்தச் செயலுக்குரியது என மீண்டும் மீண்டும் முடிவு செய்கிறது.

இந்த அறிவு கடையில் வாங்கும்போது கையினுள் இருப்பதில்லை. பயிற்சியின் தொடக்கத்தில் தாங்களே ஒவ்வொரு அசைவையும் பலமுறை செய்துகாட்ட வேண்டும். நிரல் தங்கள் தசையைக் கற்கிறது. தாங்களும் ஒவ்வொரு அசைவையும் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபடச் செய்யக் கற்கிறீர்கள். இது இருதரப்புக் கல்வி. ஒருவருக்காகக் கற்ற நிரல் மற்றொருவருக்கு அப்படியே பொருந்தாது.

இது புதிய கண்டுபிடிப்பா?

தசை மின்குறிப்பால் கையை இயக்கும் கருத்து பழையது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ரைன்ஹோல்ட் ரைட்டர் அத்தகைய கையை உருவாக்கி 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1960ஆம் ஆண்டளவில் சோவியத் ஒன்றியத்தில் நோயாளிகளுக்கு அது பொருத்தப்பட்டது. குறிப்பின் கோலத்தைக் கணினி கொண்டு பிரித்தறியும் முறைக்கு வலுவான அடித்தளமிட்டது, கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தில் ஹட்கின்ஸ் குழுவினர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. ஐந்து விரல்களும் தனித்தனியே இயங்கும் ஐ-லிம்ப் கை ஸ்காட்லாந்திலிருந்து 2007ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது.

அண்மைக் காலத்தின் மாற்றம் வேறு. மோட்டார்களும் நுண்கணினிகளும் சிறியனவாகவும் மலிவாகவும் ஆகிவிட்டன. முப்பரிமாண அச்சு பரவியுள்ளது. இதனால் இந்திய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கியுள்ளன. ஐதராபாத்தின் மேக்கர்ஸ் ஹைவ் நிறுவனத்தின் கல்ஆர்ம், ரோபோ பயோனிக்ஸ் நிறுவனத்தின் கிரிப்பி ஆகியவை செய்திகளில் இடம்பெற்றவை. இவற்றின் பெயரைக் குறிப்பிடுவது பரிந்துரை ஆகாது. முன்னர் இறக்குமதிக் கைகளை மட்டுமே நம்பியிருந்த நிலை மாறிவருகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. விலை குறையக் குறைய, நேரடியாக நோயாளியிடம் விற்கும் முயற்சிகளும் பெருகும். ஆகவே வாங்குவோர்க்கு விவரம் தெரிந்திருத்தல் முன்னெப்போதையும்விட இன்று தேவை.

"95 விழுக்காடு துல்லியம்" என்பதன் பொருள்

ஆய்வகத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட துல்லியம் கிடைப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. 95 விழுக்காடு என்றால் 20 முறைக்கு ஒருமுறை தவறு என்று பொருள். காலியான பிளாஸ்டிக் குவளையாயின் அத்தவறு பொருட்டன்று. கொதிக்கும் காபித் தம்ளரோ, கைக்குழந்தையோ, இருசக்கர வண்டியின் கைப்பிடியோ ஆயின் ஒரு தவறே பெருந்தீங்கு. ஆகவே இக்கையை மட்டும் நம்பிச் சூடான பாத்திரம், கூரிய கருவி, ஓடும் இயந்திரம் ஆகியவற்றைக் கையாளற்க.

ஆய்வகத்தில் நோயாளி நாற்காலியில் அமர்ந்து, கையை ஒரே நிலையில் வைத்து அசைவைச் செய்கிறார். வீட்டில் நிலைமை அவ்வாறிராது. குறிப்பு மாறுவதற்கான காரணங்கள் சில:

வியர்வை: தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான தொடர்பை வியர்வை மாற்றுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் சாக்கெட் அணிந்தோர் இதை அன்றாடம் உணர்வர்.

கையின் நிலை: கையைத் தொங்கவிட்டு மடக்குவதற்கும், பரணில் உள்ள பொருளை எடுக்க உயர்த்தி மடக்குவதற்கும் தசை ஒரே கோலத்தைத் தருவதில்லை. ஆகவே பல நிலைகளிலும் பயிற்சி தர வேண்டும்.

இடமாற்றம்: ஒவ்வொரு நாளும் சாக்கெட்டை மாட்டும்போது மின்முனை சற்றே விலகி அமையலாம். எஞ்சிய கைப்பகுதி மெலிந்தாலும் பருத்தாலும் இதே நிலைதான்.

களைப்பு: மாலையில் களைத்த தசையின் குறிப்பு காலையிலிருந்து வேறுபடும்.

இக்காரணங்களால் நிரலுக்கு அவ்வப்போது மறுபயிற்சி தர வேண்டும். நல்ல கருவியில் இதை நோயாளியே வீட்டில் சில நிமிடங்களில் செய்துகொள்ள இயலும். ஒவ்வொரு முறையும் நிறுவனத்திற்கே செல்ல வேண்டிய கருவி, உத்திரமேரூரில் வாழ்வோர்க்கு ஒருநாள் கூலியையும் பேருந்துச் செலவையும் சேர்த்தே கேட்கும்.

எவருக்குப் பொருந்தும்?

முழங்கைக்குக் கீழே துண்டிக்கப்பட்டு, முன்கைத் தசை நன்கு எஞ்சியிருப்போர்க்கு இம்முறை மிகவும் ஏற்றது. முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டவரிடம் விரல் தசைகளே இராது. அத்தகையோர்க்குக் கையின் நரம்புகளை மார்பு அல்லது மேற்கைத் தசைகளுக்குத் திருப்பி இணைக்கும் அறுவையை அமெரிக்காவின் சிகாகோ நகரில் மருத்துவர் டாட் கைக்கன் குழுவினர் 2002ஆம் ஆண்டில் தொடங்கினர். அது சிறப்பு மையங்களில் மட்டும் செய்யத்தக்கது.

மின்சாரத்தால் கையிழந்தோர் தனிக் கவனம் செலுத்த வேண்டும். மின்சாரம் தோலைவிட ஆழத்தில் உள்ள தசையைக் கூடுதலாகச் சிதைப்பதுண்டு. வெளியே புண் ஆறியிருந்தாலும் உள்ளே குறிப்புத் தரும் தசை குறைவாக இருக்கலாம்; ஒட்டுத்தோலும் தழும்பும் மின்முனைக்குத் தடையாகலாம். ஆகவே கை வாங்கும் முன் தசைக் குறிப்பை அளந்து பார்த்தல் கட்டாயம். அச்சோதனை வலியற்றது.

எந்த வேலைக்கு எந்தக் கை?

பொதுவாக மூன்று வகைகள் உள்ளன. முதலாவது தோற்றத்துக்கான கை; இலேசானது, அசையாது. இரண்டாவது தோள்பட்டையில் அணியும் வாரும் கம்பியும் கொண்டு இழுத்து இயக்கப்படும் கொக்கி அல்லது கை. மூன்றாவது மின்தசைக் கை.

இரண்டாம் வகையைப் பழையது எனத் தள்ளிவிடாதீர்கள். அதற்குப் பேட்டரி வேண்டாம். சேறு, தண்ணீர், தூசு ஆகியவற்றைத் தாங்கும். உள்ளூர்ப் பட்டறையிலேயே சில பழுதுகளைச் சரிசெய்யலாம். கம்பியின் இழுவிசை தோளில் தெரிவதால், எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறோம் என்பதையும் ஓரளவு உணரலாம். மண்வெட்டி பிடிக்கவும், சாக்கைத் தூக்கவும், மாட்டுக் கயிற்றைப் பற்றவும் அதுவே பலருக்கு உதவுகிறது.

மின்தசைக் கை தோள்வார் இன்றி இயங்கும், பிடி வலிமையானது, தோற்றமும் இயல்பானது. கணக்கு எழுதுதல், கடை நடத்துதல், பொருள்களைக் கட்டுதல், கைபேசியைப் பிடித்தல், உண்ணும்போது தட்டைப் பற்றுதல் போன்றவற்றுக்கு ஏற்றது. ஆனால் ஏறத்தாழ அரை கிலோ எடையுள்ள கை சாக்கெட்டின் நுனியில் தொங்கும்போது, இயற்கைக் கையைவிடக் கனமாகத் தோன்றும். பல மாதிரிகள் நீரில் நனையக் கூடாதவை. வயற்சேறும் நெசவுக்கூடத்தின் நூல்தூசும் அதன் மூட்டுகளுக்கு ஆகாதவை.

1980களிலிருந்து 25 ஆண்டுக்காலத்தில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பாய்வு கூறுவதைக் கவனியுங்கள். பெரியவர்களில் மின்கையைக் கைவிட்டோர் சராசரியாக 23 விழுக்காடு. கம்பியால் இயங்கும் கையைக் கைவிட்டோர் 26 விழுக்காடு. சிறுவர்களில் இவை முறையே 35, 45 விழுக்காடு. அதாவது விலையுயர்ந்த மின்கையும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பெட்டிக்குள் போய்விடுகிறது. அவ்வாறு கைவிட்டவர் முயற்சியற்றவர் அல்லர். அவருடைய வாழ்க்கைக்கு அந்தக் கை பொருந்தவில்லை.

முதல் வாரங்களில் செய்ய வேண்டியவை

கையிழந்த 30 நாட்களுக்குள் செயற்கைக் கை பொருத்தப்பட்டவர்கள் அதை ஏற்றுப் பயன்படுத்தும் வாய்ப்பு கூடுதல் என 1984ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. காலம் தாழ்ந்தால் ஒரே கையால் வாழப் பழகிவிடுகிறோம். பின்னர் செயற்கைக் கை இடையூறாகத் தோன்றுகிறது. எனவே மின்தசைக் கைக்காகப் பணம் சேரும்வரை வெறுமனே காத்திருத்தல் கூடாது. கிடைக்கும் எளிய கையை முதலில் பொருத்திப் பழகுவதே நலம்.

புண் ஆறியதும், மருத்துவரின் ஒப்புதலுடன் பின்வருவனவற்றைத் தொடங்கலாம்:

1. வீக்கம் வடிய எலாஸ்டிக் பேண்டேஜை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுதல். நுனியில் இறுக்கமும் மேலே செல்லச் செல்லத் தளர்வும் இருக்க வேண்டும். வலியோ நிறமாற்றமோ தோன்றினால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

2. முழங்கையையும் தோளையும் நாள்தோறும் பலமுறை முழுமையாக மடக்கி நீட்டுதல். மூட்டு இறுகிவிட்டால் எந்தக் கையும் பயன்தராது.

3. கண்ணை மூடி, இல்லாத கையை விரிப்பதாகவும் மூடுவதாகவும் எண்ணித் தசையை இயக்குதல். மறுகையும் அதே அசைவைச் செய்யட்டும். மின்தசைக் கைக்கான முதற்பயிற்சி இதுவே, செலவில்லாதது.

4. எஞ்சிய பகுதியைத் துணியால் மெல்லத் தேய்த்தும் தட்டியும் தோலைச் சாக்கெட்டுக்குப் பழக்குதல்.

இல்லாத கை வலிப்பதாகவோ எரிவதாகவோ தோன்றலாம். அது மனநோய் அன்று, பலருக்கும் ஏற்படுவது, மருந்தும் பயிற்சியும் உண்டு. சுவீடன் ஆய்வாளர்கள் நாட்பட்ட வலியுள்ள 14 பேருக்குத் தசைக் குறிப்பால் திரையில் தோன்றும் கையை இயக்கும் பயிற்சியளித்து, வலி குறைந்ததை 2016ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியிட்டனர். ஆய்வு சிறியதே, ஆயினும் தசையைச் சும்மா விடாதிருத்தல் நலம் என்பதை அது உணர்த்துகிறது.

எங்கே செல்வது?

முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எஞ்சிய கைப்பகுதியைக் காட்டுங்கள். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை உறுப்புப் பிரிவு உள்ளது. செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனத்தையும் அணுகலாம்.

மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். உதவித் திட்டங்களுக்கு அதுவே திறவுகோல். காஞ்சிபுரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாநில அரசின் உதவிகளையும் மத்திய அரசின் அடிப் திட்டத்தையும் கேட்டறியலாம். எந்த வகைக் கை வழங்கப்படும் என்பதை விண்ணப்பிக்கும்போதே தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள்.

ஆலையில் நேர்ந்த விபத்தாயின், ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர் செயற்கை உறுப்பை அதன் வழியே பெற வழியுண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் இவ்வுரிமை உண்டு.

கை மாற்று அறுவை பற்றியும் சிலர் கேட்கின்றனர். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018ஆம் ஆண்டில் இரு கைகளையும் இழந்த இளைஞர் ஒருவருக்கு அது வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. தொடு உணர்வு மீளக்கூடிய வழி அது. ஆயினும் உடல் அக்கையை ஏற்பதற்கான மருந்துகளை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். நோய்த்தொற்று இடரும் உண்டு. எனவே ஒரு கை மட்டும் இழந்தவர்க்கு எளிதில் பரிந்துரைக்கப்படுவதில்லை.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் தசைக் குறிப்பை அளந்தீர்களா? எத்தனை அசைவுகள் தெளிவாகப் பிரிகின்றன?

2. முன்பணம் இன்றி, தற்காலிகச் சாக்கெட்டுடன் சில நாட்கள் அணிந்து பார்க்க இயலுமா?

3. விலையில் சாக்கெட்டும் பயிற்சியும் அடங்குமா? கைப்பகுதி மெலிந்தால் புதிய சாக்கெட்டுக்கு எவ்வளவு?

4. மறுபயிற்சியை நானே வீட்டில் தர இயலுமா?

5. பழுதானால் எங்கே, எத்தனை நாட்களில் சரிசெய்வீர்கள்? அதுவரை மாற்றுக் கை உண்டா?

6. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்? புதிய பேட்டரியின் விலை என்ன?

7. என்னைப் போன்ற வேலை செய்யும், ஓராண்டுக்கு மேல் இதைப் பயன்படுத்தும் ஒருவரிடம் பேச இயலுமா?

இவற்றில் இரண்டாவது, ஐந்தாவது கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்காவிடில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். கை காத்திருக்கும்; வட்டி காத்திராது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட குடும்பத்தினருக்கு நான் கூறியதும் இதுவே. நடவுக்கு மின்தசைக் கை உதவாது. சேற்று வேலைக்குக் கொக்கியே பொருத்தம். பயிற்சியை இன்றே தொடங்குங்கள். தசைக் குறிப்பை அளந்த பின் மற்றதைப் பேசுவோம். அவர் இன்று கொக்கியுடன் வயல் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்கிறார். கணக்கெழுதும் வேலைக்கு மாற எண்ணுவதால், மின்தசைக் கைக்கு அடையாள அட்டையுடன் விண்ணப்பித்துள்ளார். நிலம் அவர்களிடமே உள்ளது.

எஞ்சிய கைப்பகுதியில் சிவப்பு, சீழ், புதிய வீக்கம், காய்ச்சல், சாக்கெட் உரசலால் ஆறாத புண் ஆகியவற்றில் எது தோன்றினும் கையை அணிவதை நிறுத்தி உடனே மருத்துவரிடம் வாருங்கள். நீரிழிவு உள்ளோர் நாள்தோறும் கண்ணாடியில் தோலைப் பார்த்தல் வேண்டும். இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விளக்கங்களே. தங்களுக்கான முடிவைத் தங்களைப் பரிசோதிக்கும் மருத்துவருடன் கலந்து எடுங்கள்.